பத்மினி பிழைத்தது, 118 என்.இ. எங்கே போனது?

போன மாதம் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். ஒரு கொட்டகையில், பீங்கான் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு கார். நாலு டயரிலும் காற்று இல்லை. "அப்பாவோட பழைய பியட்டு சார், காயலான் கடைக்குப் போடலாம்னு இருக்கேன்" என்றார் உரிமையாளர். கிட்டே போய்ப் பார்த்தால் பத்மினி இல்லை. பிரீமியர் 118 என்.இ.!

பலருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வேறு வேறு. பத்மினியின் மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-இல் 'டிலைட்' என்று விற்றதுதான், 70-களில் பத்மினி ஆனது. 118 என்.இ.-யின் உடம்பு ஃபியட் 124. இத்தாலியில் 1966-இல் வந்து, 1967-இன் ஐரோப்பிய 'கார் ஆஃப் தி இயர்' விருது வாங்கிய வண்டி. ரஷ்யாவின் லாடாவும் இதன் வாரிசுதான். 1985-இல் பிரீமியர் அந்த உடம்பில் நிசானின் 1171 சிசி ஏ12 எஞ்சினை வைத்தது. என்.இ. என்றால் நிசான் எஞ்சின், அவ்வளவுதான். பத்மினிக்கு ஒரு படி மேலே, கொஞ்சம் வசதியானவர்கள் வாங்கிய வண்டி.

அப்படியானால் உசத்தியான வண்டிதானே அதிகம் மிஞ்சியிருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு.

முதல் காரணம் எண்ணிக்கை. பத்மினி மும்பை டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. ஓடும் வண்டிக்குப் பாகம் கிடைக்கும், மெக்கானிக் கிடைப்பார். இரண்டாவது, கதை. சாஸ்திரி 5,000 ரூபாய் கடன் போட்டு வாங்கிய ஃபியட் இன்றும் டெல்லி நினைவகத்தில் நிற்கிறது. 118-க்கு அப்படி ஒரு கதை இல்லை. மாருதி வந்து இரண்டு வருடம் கழித்து வந்ததால், புதுசு என்ற பெயரும் நிலைக்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம்: சட்டம். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் ஏறிக்கொண்டே வருகிறது. 2021 விதிப்படி 'விண்டேஜ்' தகுதி 50 வருடத்துக்கு மேல்தான். நடுவே உள்ள 35 வருடம்தான் கண்டம். அப்போது அந்த வண்டி வெறும் பழைய கார், பொக்கிஷம் இல்லை. முதல் பத்மினிகள் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டன. முதல் 118 தாண்டவே 2035 ஆகும்.

கொட்டகைக்காரர் ஆர்.சி. புக்கைத் தேடி எடுத்தார். 1989. அதாவது 2039.

"அதுவரைக்கும் ஜாடியை எங்க சார் அடுக்குறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இதற்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்பேதான் சட்டம்; அதனால் முதலில் தரைத்தகட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்குங்கள். கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். வேறு எஞ்சினை மட்டும் மாட்டிவிடாதீர்கள். உடம்பையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றினால் விண்டேஜ் தகுதி போய்விடும்.

பொங்கல் வரைக்கும் விட்டுவைக்கிறேன் என்றிருக்கிறார். கிளம்பும்போது பார்த்தேன், பானெட் மேல் இருந்த ஜாடிகளைப் பையன் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான்.