போத்தல் நீரும் ஒட்டுண்ணிகளும்

குளோரீன் கலந்த நீரில் நோய்க்கு இடமில்லையென்று கருதுவோர் பலர். அக்கருத்து முற்றும் உண்மையன்று என்பதை 1993ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தார் பெருந்துன்பத்தினூடே உணர்ந்தனர். மிச்சிகன் ஏரியினின்றும் பெற்று, குளோரீனிட்டுக் குழாய்வழி வழங்கப்பட்ட நீரைப் பருகிய ஏறக்குறைய 4 இலட்சம் மக்கள் வயிற்றோட்டத்தால் வருந்தினர். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோர் பலர் உயிர் நீத்தனர். வடிகட்டல் குறைவுற்றமையால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி நீரிற் புகுந்திருந்தது. அது தடித்த ஓட்டினுள் அடங்கியிருத்தலின், குளோரீன் அதனை எளிதிற் கொல்லமாட்டாது.

ஆதலின், போத்தல் நீர் ஆக்குவோர் வேறு காவல்களையும் நாடுகின்றனர். முதலாவது வடிகட்டல். இவ்வொட்டுண்ணியின் ஓடு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 4 முதல் 6 பங்கு அகலமுடையது. ஆயிரத்தில் 1 பங்கினும் பெரிய துளையில்லாத வடிகட்டி அதனைத் தடுத்துவிடும். உப்பையும் பிரிக்கவல்ல மென்சவ்வினூடே நீரை அழுத்திச் செலுத்துதல் அதனினும் நுண்ணிய முறையாகும். அடுத்தது ஊதாக்கடந்த கதிர். அது ஒட்டுண்ணியின் மரபுப் பொருளைச் சிதைத்து, பெருகும் ஆற்றலை அழிக்கின்றது. நீரை ஆவியாக்கிக் குளிரச்செய்யும் காய்ச்சி வடித்தலும் சிறந்த காவலே.

போத்தலை வாங்குவோர் அதன் சுட்டுத்துண்டை ஊன்றி வாசித்தல் நன்று. ‘ஊற்று நீர்’ என்னும் பெயர் நீர் பிறந்த இடத்தைக் கூறுமேயன்றி, அது பெற்ற காவலைக் கூறாது. ஐயமுற்றவிடத்து, நீர் நன்கு கொங்கிக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, ஆறியபின் பருகுக. எல்லா இல்லங்கட்கும் எளிதிற் கிட்டும் காவல் அதுவே.