பூஜைக்குக் கழற்றிய மூடி எங்கே? தீபாவளி அவசரத்தில் பறிபோகும் விரல்கள்!

கோவை,

ஆயுத பூஜை முடிந்தது. மிஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாச்சு. மாலை போட்டாச்சு. பொரி, கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஆட்கள் வீட்டுக்கும் போயாச்சு.

சரி, பூஜைக்கு முதல் நாள் துடைப்பதற்காகக் கழற்றிய பெல்ட் கவர் எங்கே?

கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களில் பல பேர் இந்தக் கேள்விக்குத் தலையைச் சொறிவார்கள். அது சுவர் ஓரமாகச் சாத்தி இருக்கும். "ஓட்டம் ஆரம்பிச்சிருச்சுங்க, ஒரு நாள் நிறுத்தி மாட்டிக்கலாம்" என்று பதில் வரும். அந்த ஒரு நாள் தீபாவளி கழிந்த பிறகுதான் வரும். சில இடங்களில் அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் வரும்!

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே சுமார் 20 நாள். கோவை, திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் வருஷத்திலேயே ஓட்டம் அதிகமான நாட்கள் இவைதான். போனஸ் பேச்சு ஒரு பக்கம். ஓவர்டைம் ஒரு பக்கம். "லாரி நிக்குது, சீக்கிரம்" என்ற சத்தம் இன்னொரு பக்கம். தொழிலாளியின் கை மிஷினில் இருக்கும். மனசு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்சுக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.

விபத்துக்கு வேறு என்ன வேண்டும்?

ஒப்பணக்காரத் தெருவிலும் கிராஸ்கட் ரோட்டிலும் ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை என்று தீபாவளிக்குத் தீபாவளி போலீசார் மைக் வைத்துச் சொல்கிறார்கள். பர்ஸ் போனால் அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். விரல் போனால்? அதற்கு மைக் வைத்து எச்சரிக்க ஆளில்லை.

சத்தம் நின்றாலும் உருளை நிற்காது

நூல் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே பெரிய சிலிண்டர் ஒன்று சுற்றும். அதன் மேல் முழுக்க ஊசி ஊசியாகக் கம்பிப் பல். சுவிட்சை அணைத்தவுடன் அது நின்றுவிடாது. கனம் அப்படி. ஓடிய வேகத்திலேயே இன்னும் சில நிமிஷம் சுற்றும். மோட்டார் சத்தம் அடங்கியதும் "நின்னுருச்சு" என்று மூடியைத் தூக்கிக் கையை விட்டால் அவ்வளவுதான்.

இதற்காகவே புது மிஷின்களில் உருளை நிற்கும் வரை மூடி திறக்காதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். உற்பத்தி குறைகிறது என்று அந்தப் பூட்டையே ஒயர் போட்டு ஏமாற்றும் கெட்டிக்காரர்களும் உண்டு. பண்டிகை நெருக்கடியில் இந்தக் கெட்டிக்காரத்தனம் கூடுதலாக வேலை செய்யும். மேஸ்திரிக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். கிலோ கணக்கு ஏறினால் யாரும் கேட்பதில்லை.

நம்ம ஊருக்கு மில் புதுசு அல்ல. 1888ல் ஸ்டேன்ஸ் துரையின் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில் மேல் மில்லாக எழும்பியது. அந்தக் காலத்து மிஷின்கள் கூரையை ஒட்டிச் சுற்றும் ஒரே தண்டிலிருந்து தோல் பெல்ட்டில் ஓடியவை. வேட்டி நுனி மாட்டினால் ஆளையே மேலே இழுத்துவிடும். ஓடும் மிஷினைத் தொட வேண்டிய வேலையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே, உடம்போடு ஒட்டிய உடுப்புப் போட்டுச் செய்யவேண்டும் என்று 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது சும்மா இல்லை. பெண்களும் சின்ன வயதுப் பிள்ளைகளும் ஓடும் மிஷினைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது.

இப்போது மிஷினுக்கு மிஷின் தனி மோட்டார். தோல் பெல்ட் போய்விட்டது. ஆனால் பூஜைக்கு எடுத்த புதுத் துப்பட்டா வந்திருக்கிறது. தளர்ந்த முடி, தலை நிறையப் பூ, கையில் சாமி கயிறு, புது மோதிரம். மிஷினில் கட்டிய மாலை காய்ந்து நார் நாராகத் தொங்குகிறது. அதை எடுக்கவும் யாராவது ஓடும் மிஷினுக்குள்தான் கை நீட்டுகிறார்கள்!

திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி அடுக்கை வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கு இரும்பு வலைக் கையுறை கொடுப்பார்கள். சாதாரண நாளில் போடுவார். கடைசி வாரத்தில் "கை வரமாட்டேங்குது" என்று கழற்றி டேபிளில் வைத்துவிடுவார். பனியனை விட வேகமாக வெட்டுப்படுவது எது என்று சொல்லத் தேவையில்லை.

தூக்கம் கெட்டால் குடிபோதை மாதிரி

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இரட்டைச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பிள்ளைக்குத் துணி, மாமியார் வீட்டுக்குப் பலகாரம், பட்டாசு, பஸ் டிக்கெட். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்பது ஒரு மாதச் சம்பளக் கணக்கு. அது கைக்கு வரும் முன்பே செலவுக்குப் பங்கு பிரிந்துவிடுகிறது. அதனால் ரெண்டு ஷிப்டு தொடர்ந்து பார்க்கிறார்கள்.

1997ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவர்களின் அளவுக்குத் தடுமாறின என்று கண்டார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டியதற்குப் போலீஸ் கேஸ் போடும். காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி 10 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அவர் ஒரு சொட்டும் குடிக்காத மனுஷர். ஆனாலும் அவர் கணக்கில் அவர் 'குடித்திருக்கிறார்'. அந்தக் கையோடுதான் மிஷினில் நிற்கிறார். அந்தக் கண்ணோடுதான் நடு ராத்திரி அவினாசி ரோட்டில் மொபெட் ஓட்டுகிறார்.

ஆயுத பூஜை வாரம் என்றால் ரோட்டில் உடைத்த பூசணிக்காய் வேறு! இதற்கு மட்டும் ஓவர்டைம் பார்த்தவர், பார்க்காதவர் என்ற வித்தியாசம் கிடையாது. எல்லோரையும் வழுக்கிவிடும்.

நிற்க வைத்தே கொல்லும் வியாபாரம்

மில்லை மட்டும் குறை சொன்னால் நியாயம் இல்லை. ஜவுளிக் கடை, பலகாரக் கடை, பட்டாசுக் கடை எல்லாவற்றிலும் இதே கதை.

ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்கள் காலை கடை திறந்ததில் இருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை காலில்தான் நிற்பார்கள். கடை ஊழியர் உட்கார நாற்காலி கொடுத்தே ஆகவேண்டும் என்று 2021ல் தமிழக சட்டசபை சட்டம் போட்டது. சட்டம் வந்தது, பல கடைகளில் ஸ்டூலும் வந்தது. தீபாவளி வந்ததும் அந்த ஸ்டூல் மேல் பேண்ட் பிட் அடுக்கி விடுகிறார்கள். மாடிப்படியிலும் பண்டல். அவசர வழிக் கதவுக்கு முன்னாலும் பண்டல்.

2020 நவம்பர் 14, தீபாவளி நாள். விடியும் முன்னால் மதுரை விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக் கடையில் தீப்பிடித்தது. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காத்திருந்த நேரம். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மீது கட்டிடம் இடிந்து விழுந்தது. இருவர் இறந்தார்கள். ஊர் லீவில் இருந்தபோது டியூட்டியில் இருந்தவர்கள் அவர்கள்.

பட்டாசுச் சங்கதி இன்னும் கொடுமை. 2012 செப்டம்பர் 5ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் தீபாவளி ஆர்டருக்காக வேலை நடந்துகொண்டிருந்த பட்டாசு ஆலை வெடித்தது. கிட்டத்தட்ட 40 பேர் மாண்டார்கள். உதவிக்கு ஓடி வந்தவர்களும் அதில் அடக்கம். 2023 அக்டோபர் 7ல் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் குடோனில் லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது தீ. செத்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டுப் பையன்கள். தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்து தீபாவளி சீசனுக்குக் கைச்செலவு சம்பாதிக்கப் போன மாணவர்களும் அதில் இருந்தார்கள்.

சீசன் ஆள் என்றால் நேற்று வந்தவன். அவனுக்குப் படிக்கட்டு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, தீயணைப்பு சிலிண்டரை எப்படித் திறப்பது என்று யாரும் காட்டுவதில்லை. "அண்ணா சொல்றத செய்" என்பதுதான் மொத்த டிரெயினிங். டவுன்ஹால் பக்கம் பத்து நாளைக்குப் பையன்களை வேலைக்கு வைக்கும் கடைக்காரர்கள் முதல் நாள் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் வியாபாரம் முங்கிவிடாது.

லீவில் நடக்கும் வேலை

தீபாவளிக்கு ஷட்டர் இறங்கியதும் ஆபத்து முடிந்தது என்று நினைத்தால் அது தப்பு. ஓட்டம் இருக்கும்போது செய்ய முடியாத வேலைகளை எல்லாம் லீவில்தான் வைத்துக்கொள்கிறார்கள். வெல்டிங், பெயிண்ட், கூரை மாற்றுவது, தொட்டி கழுவுவது. ஆபீசில் ஆள் இருக்காது. பக்கத்து மிஷினில் ஆள் இருக்காது. கத்தினால் கேட்க நாதி இல்லை.

சாயப்பட்டறைத் தொட்டி இருக்கிறதே, அது எமன். கழிவு கிடந்து ஊறினால் விஷவாயு கட்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. "நாத்தம் இல்லை, இறங்கு" என்று சொல்வதுதான் அங்கே மரண தண்டனை. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்களில் மூன்று பேர் இறந்தார்கள். அது பண்டிகை நாளில் நடந்தது அல்ல. ஆனால் தொட்டி கழுவும் வேலைக்கு வசதியான நாளாக முதலாளிகள் பார்ப்பது லீவு நாளைத்தான். முதல் ஆள் மயங்கினால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கிறது. குதிக்காமல் வெளியே நின்று தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுவது கல் மனசு அல்ல, அதுதான் வழி.

இன்னொரு விஷயம். நமக்குத் தீபாவளி முடிந்தாலும் பீகார்க்காரர்களுக்கு ஆறு நாள் கழித்துத்தான் சத் பண்டிகை. நம்ம ஆட்கள் ஊருக்குப் போன பிறகு மிஷினைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். பாதி ஆளோடு முழு ஓட்டம். அவர்கள் மனசும் தன்பாத் ரயிலில்தான் இருக்கும். 'அபாயம்' என்று தமிழில் எழுதிய போர்டு அவர்களுக்கு வெறும் சிவப்புப் பெயிண்ட். ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும்.

திறக்கும் நாள்

லீவு முடிந்து திறக்கும் முதல் ஷிப்டு பற்றி வார்ப்பட ஆலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐப்பசியில் அடைமழை. கணபதியிலும் அரசூரிலும் திறந்த வெளியில் கொட்டிய பழைய இரும்பு நாலைந்து நாள் நனைந்து கிடக்கும். உருகிய இரும்பின் சூடு 1,400 டிகிரியைத் தொடும். அதற்குள் ஈரத்தோடு ஒரு துண்டு போனால் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். அது கொதிப்பது அல்ல, வெடிப்பது. உருகிய இரும்பு கூரை வரை தெறிக்கும். சரியாகக் காய்ச்சாத லேடிலில் இரும்பை ஊற்றினாலும் இதே கதிதான். வாய் மூடிய குழாய், பழைய ஷாக் அப்சார்பர் உள்ளே போனாலும் தப்பிக்க முடியாது.

திறக்கிற நாளில் இரும்பை முதலில் காய வைக்கவேண்டும், லேடிலைச் சூடாக்கவேண்டும். இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அன்றைக்குப் பாதி ஆள் ராத்திரி பஸ்சில் நின்றுகொண்டே வந்து இறங்கியவர்கள்!

விரலுக்கு விலை

இவ்வளவு சொல்லியும் நடந்துவிட்டால்?

ஊழியர் நஷ்டஈட்டு அட்டவணையில் விரலுக்கும் கணக்கு உண்டு. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 14 சதவீதம் போனது என்று அர்த்தம். கட்டை விரலுக்கு 30. ஒரு கையின் நாலு விரலுக்கு 50. தறிக்காரருக்கும் தையல்காரருக்கும் இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் ஆரம்பித்ததே நம்ம கோவையில்தான், 1955ல். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் பணம் கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தருகிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ ரோட்டில் அடிபட்டாலும், வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருந்தால், 2010 முதல் அதுவும் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இது பல பேருக்குத் தெரியாது.

ஆனால் விபத்துப் புத்தகத்தில் அன்றைக்கே எழுத்து ஏறவேண்டும். விரல் போவது மாதிரிப் பெரிய காயம் என்றால் இ.எஸ்.ஐ. ஆபீசுக்குத் தகவல் உடனே போகவேண்டும். "தீபாவளி லீவு, கிளார்க் ஊருக்குப் போயிட்டார், புதன்கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்பினால் கேஸ் அங்கேயே நொண்டியாகிவிடும். ஊருக்குக் கிளம்பும் கிளார்க்குகள் பீரோச் சாவி யாரிடம், விபத்துப் புத்தகம் எந்தத் தட்டில் என்று வாட்ச்மேனிடமாவது சொல்லிவிட்டுப் பஸ் ஏறவேண்டும்.