போர்ப் புகழின் அளவுகோல்

வெற்றி தோல்விகளைக் கொண்டு மட்டும் ஒரு நாட்டின் போர்ப்புகழை அளத்தல் பொருந்துமா? டில்லியில் முனிர்கா அருகிலுள்ள பெருஞ்சாலையொன்று இராவ் துலாராமின் பெயரைத் தாங்குகிறது. 1857 நவம்பரில் நசீப்பூர்ப் போரில் அவர்தம் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. எனினும் அவரை நாம் போற்றுகின்றோம். அவருடைய ரேவாரி நாட்டு மைந்தர் பலர், 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங்லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் சீனரை எதிர்த்தனர். பீரங்கித் துணை எட்டாத அம்மலையில் 114 பேர் மாண்டனர். அப்போரில் நாம் தோற்றோம். 1971 டிசம்பர் 16 அன்று அதே இந்தியச் சேனையிடம் டாக்கா பணிந்தது. இடையில் மாறியது வீரமன்று. மலைப்படைப் பிரிவுகள் பெருகின. 1971 ஆகஸ்டில் சோவியத் உடன்படிக்கையும் துணைநின்றது. ஆகவே, தோல்விக்குக் கணக்குக் கேட்கவேண்டிய இடம் போர்முனையன்று. ஆயத்தமின்றிப் படையை அனுப்பிய தலைநகரமே.