வீட்டு ரெக்கார்டிங்குக்கு டிரம் பிளகின்: எப்போ வாங்கலாம், உண்மையில எவ்வளவு ஆகும், டாக்ஸ்ல கழிக்க முடியுமா?

பகல்ல ஆபீஸ், ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு பாட்டு பண்றது. இப்படி இருக்கிறவங்க நம்ம சேனல்ல நிறைய பேர். அவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: "சார், டிரம் பிளகின் வாங்கினா அந்தச் செலவை டாக்ஸ்ல காட்டலாமா?" சம்பளத்துல இருந்து கழிக்க முடியாது. வேற எப்படிக் காட்டலாம்னு கீழே சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, அதை இப்பவே வாங்கணுமான்னு பார்க்கணும். பணம் அதிகமா போறது அங்கதான்.

முதல்ல இது என்னன்னு புரியாதவங்களுக்கு. நல்ல ஸ்டூடியோவுல ஒரு நிஜமான டிரம் செட்டை வைச்சு, ஒவ்வொரு டிரம்மையும் மெதுவா, நடுத்தரமா, ஓங்கி அடிச்சு, பல மைக்ல தனித்தனியா பதிவு பண்ணி வைச்சிருப்பாங்க. அந்தப் பதிவுகளை வாசிக்கிற சாஃப்ட்வேர்தான் டிரம் பிளகின். நீங்க மிடி நோட் போட்டா அது ஸ்நேர் அடிக்கும். நோட்டோட வெலாசிட்டி 127-க்குள்ள எவ்வளவுன்னு பார்த்து அதுக்கேத்த பலத்துல அடிச்ச பதிவை எடுக்கும். கூடவே நிஜ டிரம்மர்கள் வாசிச்ச மிடி க்ரூவ்கள் நூத்துக்கணக்குல வரும். வெர்ஸுக்கு ஒண்ணு, கோரஸுக்கு ஒண்ணு, நடுவுல ஒரு ஃபில். டிரம்ஸ் வாசிக்கத் தெரியாத ஆளுக்கு பிளகினோட பாதி மதிப்பு அந்த க்ரூவ்லதான் இருக்கு.

அப்பார்ட்மென்ட்ல டிரம் செட் வைக்க முடியாது, வைச்சாலும் அசோசியேஷன் விடாது. அதனால இது ஆடம்பரம்னு நான் சொல்லமாட்டேன். ராக், பாப் மாதிரி பேண்ட் பாட்டு பண்றவங்களுக்கு இது நியாயமான கருவி. பறை, தவில், மிருதங்கம்தான் உங்க பாட்டுக்கு வேணும்னா இந்த டிரம்கிட் பிளகின்களுக்குக் காசு போடாதீங்க. அதுக்கு வாசிக்கிற ஆளைக் கூப்பிடறது நல்லது, பாட்டும் நல்லா இருக்கும்.

15,000 ரூபாய் எப்படி 18,700 ஆச்சு?

ஒரு உதாரணம் எடுத்துப்போம். டூன்ட்ராக் கம்பெனியோட ஈசிடிரம்மர் 3, 2022-ல வந்தது, பட்டியல் விலை 179 டாலர். டாலர் 85 ரூபாய்னு வைச்சா 15,215 ரூபாய். எல்லாரும் மனசுல போட்டுக்கிறது இந்த நம்பரைத்தான்.

வெளிநாட்டுக் கம்பெனி இந்தியாவுல இருக்கிற ஒருத்தருக்கு டிஜிட்டல் சேவை வித்தா 18% ஜிஎஸ்டி உண்டு. நீங்க ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆள்னா, அதை வாங்கிக் கட்டவேண்டியது அந்தக் கம்பெனி. 2023 அக்டோபர்ல இருந்து, நீங்க சொந்த உபயோகத்துக்கு வாங்கறீங்களா தொழிலுக்கு வாங்கறீங்களாங்கிற வித்தியாசமும் போயிடுச்சு. அந்த 18% வந்து 2,739 ரூபாய். இப்போ 17,954.

அடுத்தது கார்டு. வெளிநாட்டு கரன்சியில செலவு பண்ணினா பெரும்பாலான கிரெடிட் கார்டுல 2 முதல் 3.5 சதவீதம் வரைக்கும் ஃபாரெக்ஸ் மார்க்கப், அந்த மார்க்கப்புக்கு மேல 18% ஜிஎஸ்டி. 3.5 சதவீதக் கார்டுன்னா 628, அதுக்கு ஜிஎஸ்டி 113. கடைசியா ஸ்டேட்மென்ட்ல வரப்போறது ஏறக்குறைய 18,695 ரூபாய். பட்டியல் விலையை விட கிட்டத்தட்ட 23% அதிகம். ஃபாரெக்ஸ் மார்க்கப் இல்லாத கார்டு உங்ககிட்ட இருந்தா அதைப் பயன்படுத்துங்க, 740 ரூபாய் சும்மா மிச்சம்.

இதை மினிமம் ட்யூ மட்டும் கட்டி தள்ளிப்போட்டா மாசம் 3.5% சுத்துல வட்டி ஓடும். வருஷத்துக்கு 40-க்கு மேல. பொழுதுபோக்குப் பொருளை ரிவால்விங் கிரெடிட்ல வாங்கறதுக்கு எந்தக் கணக்குலயும் நியாயம் கிடையாது.

முதல் மூணு பாட்டு ஓசியிலே பண்ணுங்க

ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5.5-க்கு ஒரு ஃப்ரீ வெர்ஷன் இருக்கு. எம்டி பவர் டிரம்கிட் 2 இருக்கு, க்ரூவ்களோட வருது. மேக் வைச்சிருந்தா கராஜ்பேண்ட் இலவசம், அதுலயே டிரம்மர் டிராக் இருக்கு. நீங்க பாட்டு, அது மெதுவா வாசி, ஹைஹேட்டைக் குறைச்சு வாசின்னு சொன்னா அது வாசிக்கும். முதல் ரெண்டோட குறை என்னன்னா கிட் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், சத்தத்தை உங்க இஷ்டத்துக்கு மாத்தற வசதி கம்மி. ஒரு கிட்லயே மூணு பாட்டு முடிக்க முடியாத ஆளு முப்பது கிட் இருந்தாலும் முடிக்கமாட்டார். இது கொஞ்சம் கடுமையாத் தெரியலாம், ஆனா நான் பார்த்த ஹார்ட்டிஸ்க்ல எல்லாம் எட்டு பார் லூப்தான் அதிகமா கிடக்கு.

மூணு பாட்டு முழுசா, முதல்ல இருந்து கடைசி வரைக்கும், மிக்ஸ் பண்ணி ஏதாவது ஒரு இடத்துல வெளியிட்ட பிறகு உங்களுக்கே தெரியும் எங்க இடிக்குதுன்னு. "ஸ்நேர் எல்லா பாட்டுலயும் ஒரே மாதிரி இருக்கு", "கிக்கையும் ஓவர்ஹெட்டையும் தனித்தனி டிராக்கா எடுக்க முடியல" அப்படின்னு குறிப்பா சொல்ல முடிஞ்சா காசு குடுக்கிற நேரம் வந்துடுச்சு. "ப்ரோ சவுண்ட் வரல"ன்னு பொதுவா தோணினா வரல. அந்தக் குறை பெரும்பாலும் வெலாசிட்டியில இருக்கும். எல்லா ஹைஹேட்டும் 127-ல அடிச்சு வைச்சிருப்பீங்க. எந்த மனுஷனும் அப்படி வாசிக்கமாட்டான். ஒண்ணு விட்டு ஒண்ணைக் குறைச்சுப் பாருங்க, பைசா செலவில்லாம பாதி சரியாகும்.

அப்படியே ஒரு வார்த்தை. பெருசா போகணும்னு நேரா சுப்பீரியர் டிரம்மர் 3 பக்கம் போறவங்க இருக்காங்க. பட்டியல் விலை 399 டாலர். அது போக, அதோட முழு சவுண்டு லைப்ரரி 230 ஜிபி-க்கு மேல. லேப்டாப்ல 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிற ஆளுக்கு வெளி எஸ்எஸ்டி ஒண்ணு, 8 ஜிபி ரேம் போதலைன்னா இன்னொண்ணுன்னு செலவு வாலைப் பிடிச்சுக்கிட்டு வரும். பிளகின் விலை பார்க்கும்போது அதை ஓட்டற மெஷினோட விலையையும் சேர்த்துப் பாருங்க.

அதே மாதிரி எதிர்ப்பக்கமும் இருக்கு. மவுஸால டிரம் புரோகிராம் பண்ண ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவையே இல்லை. பாடவோ கிட்டார் பதிவு பண்ணவோதான் அது வேணும். விண்டோஸ்ல கீபோர்டுல தட்டும்போது சத்தம் தாமதமா வந்தா முதல்ல ஏஎஸ்ஐஓ4ஆல்னு ஒரு இலவச டிரைவர் போட்டு, பஃபரை 128-க்குக் கொண்டுவாங்க. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல அது சுமார் 3 மில்லி செகண்டு, 512-ல 11.6. கை உணர்ற வித்தியாசம் இது. பாட்டு பண்ற மென்பொருளுக்கு ரீப்பர் 60 நாள் முழுசா ஓட்டிப் பார்க்க விடுது. அதுக்கப்புறம் சொந்த உபயோகத்துக்கு, அல்லது வருஷ வருமானம் 20,000 டாலருக்குள்ள இருக்கிறவங்களுக்கு, லைசன்ஸ் 60 டாலர்.

கிராக் வெர்ஷன் பத்தி கேக்காதீங்க. ஒரு வாடிக்கையாளருக்குக் காசு வாங்கிட்டு பாட்டு குடுத்தா அது உங்க பேர்ல போற சரக்கு. அதே லேப்டாப்ல நெட்பேங்கிங்கும் ஓப்பன் பண்றீங்க. யாரோ பூட்டு உடைச்சுக் குடுத்த ஃபைலை அதுல ஓட்டணுமா?

இப்போ டாக்ஸ்

பாட்டுல இருந்து வருமானமே இல்லைன்னா கழிக்க எதுவும் இல்லை. அது உங்க சொந்தச் செலவு, சினிமா டிக்கெட் மாதிரி. சம்பளத்துல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தவிர இந்த மாதிரிச் செலவுக்கு இடமே கிடையாது.

வருமானம் வர ஆரம்பிச்சா, கல்யாண வீடியோவுக்கு இசை, குறும்படத்துக்குப் பின்னணி, விளம்பர ஜிங்கிள் இப்படி தொடர்ந்து பண்ணினா, அது தொழில் வருமானம். அப்போ பிளகின் உங்க தொழிலோட சொத்து. சாஃப்ட்வேருக்குத் தேய்மானம் 40%. 18,695-க்கு முதல் வருஷம் 7,478 கழிக்கலாம், மீதி அடுத்தடுத்த வருஷம். மாசச் சந்தா கட்டற பிளகின்னா அந்த வருஷத்துச் சந்தா முழுசும் அந்த வருஷத்துச் செலவு. இதுக்காகச் சந்தாதான் நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. நிறுத்தினா பழைய ப்ராஜெக்ட்டைத் திறக்க முடியாம போற சந்தாவும் இருக்கு.

ரொம்ப பேர் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் இது. பாட்டுல 10,000 வந்து, செலவு 25,000 ஆச்சுன்னா 15,000 நஷ்டம். இந்த நஷ்டத்தை சம்பளத்தோட நேர் பண்ண சட்டம் விடாது. கெடுவுக்குள்ள ரிட்டர்ன் போட்டா 8 வருஷம் தூக்கிட்டுப் போய், தொழில் லாபத்துல மட்டும் கழிச்சுக்கலாம். "கியர் வாங்கி டிடிஎஸ் ரீஃபண்ட் எடுக்கலாம்"னு யாராவது ரீல்ஸ்ல சொன்னா ஸ்க்ரோல் பண்ணிடுங்க.

இதை விடப் பெரிய விஷயம் ரெஜிம். சம்பளம் மட்டும் இருக்கிறவர் ஒவ்வொரு வருஷமும் பழைய ரெஜிம், புது ரெஜிம் எதுவேணா தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் ஒரு ரூபாய் வந்தாலும் அந்தச் சுதந்திரம் போகுது. பழைய ரெஜிம் வேணும்னா ரிட்டர்ன் கெடுவுக்குள்ள ஃபார்ம் 10-ஐஇஏ போடணும். ஒரு தடவை புதுசுக்குத் திரும்பிட்டா, தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழசுக்கு வர முடியாது. ஹெச்ஆர்ஏ, ஹோம் லோன் வட்டி ரெண்டும் வைச்சு பழைய ரெஜிம்ல நல்லா மிச்சம் பண்றவர், 15,000 ரூபாய் ஜிங்கிள் காசுக்காக அதை யோசிக்காம விட்டா லாபத்தை விட டாக்ஸ் அதிகமாகலாம். அதுக்காகக் காட்டாம விடறது வழி இல்லை. ஒரு கம்பெனி உங்களுக்கு வருஷத்துக்கு 50,000-க்கு மேல தொழில்முறைக் கட்டணம் குடுத்தா டிடிஎஸ் பிடிக்கும், அது ஏஐஎஸ்ல வந்து நிக்கும். வருமானம் வர்ற வருஷத்துலயே ரெண்டு ரெஜிம்லயும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஐடிஆர்-1 இனிமே உங்களுக்கு இல்லை, ஐடிஆர்-3 அல்லது 4.

44ஏடிஏ போடலாமான்னு கேப்பீங்க. சினிமாவுக்கு இசையமைக்கிறவர், பாடறவர் அந்தப் பட்டியல்ல இருக்காங்க. சினிமா இல்லாத வேலைக்கு அது பொருந்துமாங்கிறது ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டிய விஷயம், உங்க பில்களோட ஒரு ஆடிட்டரைப் பாருங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன்: 44ஏடிஏ-ல வருமானத்துல பாதி லாபம்னு வைச்சுட்டா, பிளகினுக்குத் தனியா தேய்மானம் கேக்க முடியாது. அது அந்த மீதிப் பாதிக்குள்ள அடங்கிடுச்சு. அப்புறம், காசு வாங்கறதுக்கு முன்னாடி ஆஃபர் லெட்டரை எடுத்து வெளி வேலை பத்தின பாராவை ஒரு தடவை படிச்சிடுங்க.

லைசன்ஸ்ல ஒரு வரி

பிளகின்ல வர்ற டிரம்ஸை உங்க பாட்டுல பயன்படுத்தறதுக்குப் பொதுவா தனி ராயல்டி கிடையாது. ஆனா அந்தச் சவுண்டுகளைப் பிரிச்சு சாம்பிள் பேக்கா விக்க விடமாட்டாங்க. யூடியூப் கன்டென்ட் ஐடி-க்குப் பதிவு பண்றவங்க கவனிங்க: உங்களுக்கு மட்டுமே உரிமை இருக்கிற ஆடியோவுக்குத்தான் அது. எல்லாருக்கும் கிடைக்கிற லூப்பை அப்படியே போட்ட பாட்டை அதுல குடுத்தா, அதே லூப் வைச்ச வேற ஒருத்தர் வீடியோவுக்குக் க்ளெய்ம் போகும், சண்டை உங்ககிட்ட வரும். க்ரூவை எடுத்தா கொஞ்சமாவது மாத்தி, உங்க பாட்டுக்கேத்த மாதிரி ஃபில் போட்டுக்கோங்க.

வாங்கற நேரம் பத்தி கடைசியா. நவம்பர் கடைசியில பிளாக் ஃப்ரைடே சமயத்துல இந்த சாஃப்ட்வேர்கள் பலது தள்ளுபடியில வரும். அப்போ வாங்கினா மார்ச் 31-க்குள்ள 180 நாள் ஆகாது, அதனால முதல் வருஷத் தேய்மானம் 40-க்குப் பதில் 20% தான். நம்ம உதாரணத்துல அந்த வித்தியாசம் 3,739 ரூபாய் கழிவு, 20% ஸ்லாப்ல செஸ்ஸோட சேர்த்து 778 ரூபாய் டாக்ஸ், அதுவும் தள்ளிப்போகுதே தவிர தொலையல. 30% தள்ளுபடி கிடைச்சா மிச்சம் 5,600 ரூபாய். அதனால சேலுக்குக் காத்திருங்க. இன்வாய்ஸ்ல உங்க பேரு, ஜிஎஸ்டி தனி வரியில இருக்கான்னு பார்த்து பிடிஎஃப்-ஐ கார்டு ஸ்டேட்மென்ட்டோட ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. ஜூலையில உங்க ஆடிட்டர் கேக்கப்போறது அது ரெண்டும்தான்.