பிழைப்பும் தொழிலும்

சொந்த ஊரை விட்டு வெளிமாநிலம் சென்றவரைக் குறித்து நம் ஊரார் பேசும்பொழுது, "பிழைப்புத் தேடிப் போயிருக்கிறார்" என்று கூறுவது வழக்கம். வேலையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. பிழைப்பு என்பது உயிர் தங்குவதற்கு வேண்டிய வருவாய். உத்தியோகம் என்பது பதவியும் அதற்குரிய சம்பளமும். தொழில் என்பதோ ஒருவர் தம் கையாலும் கருத்தாலும் பயின்று தமதாக்கிக்கொண்டது. இம்மூன்றும் ஒருவரிடத்திலேயே ஒன்றுகூடி இருக்கும்போது அவற்றின் வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. வேலை கைநழுவிப் போகும் நாளில்தான் அது தெளிவாகத் தெரிகிறது.

இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு வெளிமாநிலத் தமிழரின் வரலாற்றிலேயே பொருத்தமான ஓர் இடம் உண்டு. அது கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த கோலார் தங்கவயல்.

பழைய மைசூர் சமஸ்தானத்தில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கில நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலைப் பெருமுயற்சியுடன் மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் அங்குக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர். மிராசுதாரின் களத்தில் படிநெல்லுக்குக் காத்து நின்றவர்க்குச் சுரங்கம் நாணயமாகக் கூலி கொடுத்தது. பாறைக்கடியில் உயிரைப் பணயம் வைக்கும் வேலை என்று அறிந்திருந்தும் அவர்கள் வந்தனர். ஊரில் இருந்த வாழ்க்கை அத்தகையது.

அவர்கள் செய்த வேலையின் அருமையைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். சாம்பியன் ரீஃப் என்னும் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டியது. அத்துணை ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து அழுத்தும் பாரத்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. கூண்டிலே இறங்குதல், துளையிடுதல், வெடிவைத்தல், மரத்தாங்கல் அமைத்தல், கல்லை வாரி மேலேற்றுதல் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பயிற்சி வேண்டும் வேலை. பாறை எழுப்பும் ஓசையைக் கேட்டே அபாயத்தை உணரும் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. மூத்த தொழிலாளியிடமிருந்தே இளையவன் அதைக் கற்றான்.

இந்த உழைப்பின் பயன் தங்கத்தோடு முடிந்துவிடவில்லை. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே வந்து இச்சுரங்கங்களை இயக்கியது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே இது நிகழ்ந்தது. 1965-இல் விண்கதிர்களால் வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை அறிவியலார் கண்டறிந்ததும் இச்சுரங்கத்தின் ஆழத்திலேதான். தொழிலாளர் குடைந்த குழி, உலக அறிவியலுக்கு ஓர் ஆய்வுக்கூடமாயிற்று.

வேலை தந்த மற்றொன்று தன்மதிப்பு. 1930-ஆம் ஆண்டில், தொழிலாளர் அனைவரும் கைரேகை பதியவேண்டும் என்று நிர்வாகம் விதித்தபொழுது, குற்றவாளிகளைப் போல் எங்களை நடத்துவதா என்று கேட்டு, அவர்கள் ஏறத்தாழ மூன்று வார காலம் வேலைநிறுத்தம் செய்தனர். அது கூலி உயர்வுக்காக எழுந்த போராட்டமன்று, மானத்துக்காக எழுந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய "தமிழன்" இதழ், அவர் மறைவுக்குப் பின்னர் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். நிலக்கிழாரின் களத்தில் நிமிர்ந்து பேச இயலாதவர், சுரங்கத் தொழிலாளர் ஆனபின் இதழ் நடத்தவும் சங்கம் அமைக்கவும் தலைப்பட்டனர்.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயரில் நடைபெற்றன. ஆனால் ஆழம் கூடக்கூடச் செலவு பெருகியது. கல்லில் தங்கத்தின் அளவோ குறைந்துகொண்டே வந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் ஈந்த அச்சுரங்கங்கள், 2001 பிப்ரவரி இறுதியோடு மூடப்பட்டன. எஞ்சியிருந்த சில ஆயிரம் தொழிலாளர் ஒரே நாளில் வேலையற்றவர் ஆயினர்.

வேலை போனால் கூலி போகும் என்பது யாவரும் அறிந்ததே. கூலியோடு வேறு என்னென்ன போகின்றன என்பதை ஆராய்ந்தவர் சிலரே. அவ்வகையில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கது, ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அருகிலுள்ள மாரியந்தால் என்னும் சிற்றூரில் நடந்த ஆராய்ச்சி. அவ்வூர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பியிருந்தது. 1929-30-இல் ஆலை மூடப்பட்டது. மரீ யாஹோடா என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும் அவ்வூர் மக்களோடு நெருங்கிப் பழகி, அவர்களது வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கி, 1933-இல் ஒரு நூல் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது வியப்பானது. ஓய்வு மிகுந்துவிட்டபடியால் மக்கள் நிறையப் படிப்பார்கள் என்றே நாம் நினைப்போம். நூல்நிலையத்துக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கிய பிறகும், இரவல் பெறும் புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆடவர் தெருவில் நடக்கும் வேகம் தளர்ந்தது. போகுமிடம் இன்றி நடப்பவர் போல அடிக்கடி நின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டனர். பெண்டிரின் நிலை சற்று வேறு. ஆலை வேலை போயினும் அடுப்பும் பிள்ளைகளும் அவர்களை விடவில்லை. ஆதலால் அவர்களுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு எஞ்சியிருந்தது.

யாஹோடா பின்னாளில் இவற்றைத் தொகுத்து, வேலையானது சம்பளத்தோடு சேர்த்து ஐந்து நன்மைகளைத் தருகிறது என்று விளக்கினார். முதலாவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு. இரண்டாவது, குடும்பத்துக்கு அப்பாற்பட்ட மனிதரோடு பழக்கம். மூன்றாவது, தனியொருவரால் ஆகாத பெருங்காரியத்தில் பங்கு. நான்காவது, ஊரில் ஓர் அடையாளமும் மதிப்பும். ஐந்தாவது, உடலையும் உள்ளத்தையும் சோம்பவிடாத இயக்கம்.

இவ்வைந்தையும் தங்கவயலோடு பொருத்திப் பார்ப்போம். சங்கு ஊதியதும் எழுந்து, சங்கு ஊதியதும் திரும்புவது நாளின் ஒழுங்கு. ஒரே கூண்டில் இறங்கி, ஒருவர் உயிரை மற்றவர் காத்து நின்றது பழக்கத்தினும் மேலான உறவு. நாட்டின் கருவூலத்துக்குத் தங்கம் எடுத்தது பெருங்காரியத்தில் பங்கு. துளைப்பொறி இயக்குபவர் என்றும், கூண்டிழுக்கும் எந்திரத்தை ஓட்டுபவர் என்றும் பெற்ற பெயர் ஊரில் மதிப்பு. இவை யாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. சுரங்கம் மூடியதும் கயிறு அறுந்தது.

ஆயினும் வேலை எதுவாயினும் நன்று என்று கூறிவிடலாகாது. கல்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோயால் மூச்சுத் திணறி மாய்ந்தவர் அங்கே பலர். தந்தை இறங்கிய குழியிலேயே மகனும் இறங்கியதைக் குலப்பெருமையாக மட்டும் கொள்வதற்கில்லை. வேறு கதவு திறக்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. வேலையின்மை மனிதனைத் தேய்க்கிறது. தீங்கான வேலை அவனைத் தின்கிறது. இரண்டையும் நாம் மறத்தலாகாது.

இனி, சுரங்கம் மூடிய பின் மக்கள் சென்ற வழிகளைக் காண்போம். முதல் வழி இருப்புப்பாதை. தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து வைகறை இருளிலேயே புறப்பட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புவோர் இன்றும் ஆயிரக்கணக்கானவர். காவல் வேலை, தையலாலை, கட்டட வேலை என்று கிடைத்ததைப் பற்றிக்கொண்டவர் இவர்களுள் பலர். இவர்களுக்குப் பிழைப்பு மீண்டது. ஆனால் சுரங்கத்தில் பயின்ற தொழில் பயனற்றுப் போயிற்று. பாறையின் ஓசையை அறிந்த காதுக்கு அலுவலக வாயிலில் என்ன வேலை?

இரண்டாம் வழி, கைத்தொழிலோடு சென்றவர்களுடையது. பொருத்துநர், மின்பணியாளர், கடைசல் பணியாளர் ஆகியோரின் திறமை சுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று. எந்த ஆலையிலும் அது செல்லும். மண்வாரி எந்திரங்கள் செய்யும் பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை 1964-இல் நிறுவப்பட்டு, தங்கவயலிலேயே இயங்கி வருவதும் இத்தகையோர்க்கு ஒரு துணையாயிற்று. மூன்றாம் வழி கல்வி. தாம் இறங்கிய குழியில் தம் மக்கள் இறங்கவேண்டா என்று உறுதி கொண்டு பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் பிள்ளைகள், ஆசிரியராகவும் செவிலியராகவும் பொறியாளராகவும் ஊர்தோறும் பரவினர்.

இம்மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை விளங்குகிறது. வேலை இடத்தைச் சார்ந்தது. தொழில் ஆளைச் சார்ந்தது. இடம் மூடினால் வேலை மறையும். ஆளிடத்துள்ள திறமை மட்டுமே அவரோடு நடந்துவரும்.

இது சுரங்கத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம் முன்னோர் பலர், தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேர்ந்த சான்றிதழோடு ரயிலேறியவர்கள். அக்காலத்தில் அவ்விரண்டும் உத்தியோகத்தின் திறவுகோல். கணிப்பொறி வந்தபின் தட்டச்சுப்பொறிகள் அலுவலகங்களை விட்டு அகன்றன. விரலின் வேகத்தை மட்டுமே நம்பியிருந்தவர் திகைத்தனர். பிழையற்ற கடிதம் எழுதும் ஆற்றலும், கணக்கறிவும், மாலைக் கல்லூரிப் பட்டமும், வாழும் ஊரின் மொழியும் சேர்த்துக்கொண்டவர், பொறி மாறினும் நிலைபெற்றனர்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஊரிலே வேலை இழந்தவர்க்குக் காணி நிலமோ உறவினர் வீட்டுத் திண்ணையோ உண்டு. நமக்கு இருக்கும் வீடே பலசமயம் வேலை தந்த வீடு. சுரங்கம் மூடிய பின்னும் அந்தக் குறுகிய "லைன்" வீடுகளை விட்டு அகலாமல் நின்ற குடும்பங்களின் கலக்கம் நமக்குப் புரியாததன்று.

ஆகவே, நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும்பொழுது சம்பளம் எவ்வளவு என்ற வினாவோடு வேறு மூன்றையும் கேட்பது நலம். இவ்வேலையில் அவர்கள் கற்பது நாளை வேறிடத்திலும் செல்லுபடியாகுமா? இவ்வேலை உடல்நலத்தை விலையாகக் கேட்கிறதா? இதனைச் செய்பவர் தலைநிமிர்ந்து நிற்க இயலுமா? இவற்றுக்குத் தக்க விடை கிடைக்குமாயின், சம்பளம் சிறிது குறைவாயினும் அது நல்ல வேலையே.

வேலை இழந்த அயலவர் ஒருவர் நம் தெருவில் இருப்பாராயின், அவர்க்குப் பொருளுதவி செய்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவரைச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தர அழைக்கலாம். விடிந்ததும் எழுந்து போவதற்கு ஓரிடமும், அவர் வரவை எதிர்நோக்கும் நான்கு பேரும் இருந்தால், அடுத்த வேலையைத் தேடும் ஊக்கம் அவரிடம் அணையாமல் நிற்கும்.