முறுக்கு வியாபாரத்துக்கு எதற்கு 200 ஜாமீன்?

புக்கிட் ரோத்தான் பக்கம் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் அக்கா ஒருவருக்குத் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கையில் ஒரு புலனச் செய்தி வந்தது. மகன் அமைத்துக் கொடுத்த இணையத்தளம் ஒன்று அவரிடம் உண்டு. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள் என்பது கணக்கு. வந்த செய்தி இதுதான்: 450 வெள்ளி கட்டினால் 200 வலைப்பூக்களில் உங்களுக்கு இணைப்பு, பதிலுக்கு உங்கள் தளத்தில் அவர்களுக்கு இணைப்பு, ஒரே மாதத்தில் கூகுளில் முதல் பக்கம்.

“நானூத்தம்பது வெள்ளிதானே தம்பி, கட்டிப்புடலாமா?”

பட்டியலைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தோம். முதல் வலைப்பூவில் கடைசிப் பதிவு 2013. அடுத்தது புரியாத மொழியில் கார் டயர். ஐந்தாவது ஒரு காலத்தில் தமிழ்க் கவிதைக்கானது. எழுதியவர் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். வேறு யாரோ அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் ஓட்டுகிறார்கள். பழைய தலைப்பு மட்டும் மூலையில் அப்படியே கிடந்தது.

இணைப்பு என்பது ஜாமீன் கையெழுத்து. தோட்டத்தில் அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட கதை நம் குடும்பங்களில் ஒன்றாவது இருக்கும். 1998இல் கூகுள் தொடங்கியபோதே எண்ணியது இந்தக் கையெழுத்தைத்தான்: உங்களை யார் காட்டுகிறார், அவரை யார் காட்டுகிறார். எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் கையெழுத்தை விற்கவே ஆள் கிளம்பிவிட்டது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றம் வந்து, அப்படி மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. 2016க்குப் பிறகு பெரும்பாலும் அத்தகைய இணைப்புகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆக 450 வெள்ளியும் ஆற்றில் கரைத்த புளிதான். விஷயம் முற்றினால் கூகுள் ஊழியரே பார்த்து நடவடிக்கை எடுப்பார். அந்த அறிவிப்பு ‘சர்ச் கன்சோல்’ கணக்குக்கு வரும். இணைப்புகளை அகற்றிவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். அக்காவிடம் அந்தக் கணக்கே இல்லை. இலவசம்தான், அன்றே திறந்து கொடுத்தோம்.

அப்படியானால் இணைப்பே கூடாதா என்றால், கூடும். தேடல் வரிசையில் ஏறுவதற்காக இணைப்பை விற்பது, வாங்குவது, அளவுமீறி மாற்றிக்கொள்வது ஆகியவற்றைத்தான் கூகுளின் விதி தடுக்கிறது. மின்மினி பார்க்கப் போன கதையை எழுதுகிறவர், ‘வழியில் இங்கே முறுக்கு கிடைக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தால் அது வாசகருக்கு உதவி.

அந்த எழுத்தாளரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. 2004இல் வந்த தமிழ்மணம் என்ற வலைப்பூத் திரட்டி உச்சத்தில் இருந்த காலத்தில், அதைத் திறந்தாலே இன்று யார் எழுதினார் என்று தெரிந்துவிடும். இப்போது தேடுபொறிதான் கதி, அதிலும் நம் ஊர்ப்பெயர்கள் படுத்தும் பாடு தனி. பெஸ்தாரி ஜெயா 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை. தோட்டத்து ஆட்கள் பலர் இன்னும் பழைய பெயரையே எழுதுகிறார்கள். கோல சிலாங்கூர், கோலசிலாங்கூர், குவாலா சிலாங்கூர் என்று ஒரே ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டல். மின்மினியைக் கெலிப்-கெலிப் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தனித்தனியாகத் தேடுங்கள். ஹோட்டல் விளம்பரமாக வந்து குவிந்தால் ‘ஹோட்டல்’ என்ற சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். தேடல் கருவிகளில் ‘கடந்த ஓராண்டு’ என்று கால வரம்பும் வைக்கலாம். ஆனால் தேதியை மட்டும் நம்பாதீர்கள், பழைய பதிவுக்குப் புதுத் தேதி போடுவது சுலபம். கடைசியாக வந்த கேள்விக்கு எழுதியவர் பதில் சொல்லியிருக்கிறாரா என்று நான் பார்ப்பேன். நிலா இல்லாத இரவில் மின்மினி நன்றாகத் தெரியும், புக்கிட் மெலாவத்தியில் குரங்கு பையைப் பிடுங்கும் என்றெல்லாம் எழுதுகிறவர் நேரில் போய் வந்தவர்.

அக்காவுக்கு வந்ததுபோல் யாராவது பணம் கேட்டு வந்தால், கட்டுவதற்கு முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் இணையத்தளத்தின் கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள். ஏமாந்து அனுப்பிவிட்டால் உடனே வங்கியையோ 997 எண்ணையோ அழைத்துவிட்டுப் போலீஸ் புகார் செய்யுங்கள். இதில் சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மோசடி இல்லை, சொன்ன வேலையைச் செய்யவில்லை என்றால் பலரும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நினைப்பார்கள். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுத் தேவைக்கு வாங்குகிறவரைத்தான் பயனீட்டாளர் என்கிறது. வியாபாரத்துக்கு இணைப்பு வாங்கியவரைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். அவருக்கு வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு: 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். புலனச் செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.

அக்கா 450 வெள்ளியைக் கட்டவில்லை. தேடிக் கண்டுபிடித்த மூன்றே வலைப்பதிவர்களுக்கு எழுதினார். ஒருவர் பதில் போட்டார்: “இணைப்பு கொடுக்கலாம், முதலில் முறுக்கைச் சாப்பிட்டுப் பார்க்கணும்.” ஒரு டின் இனாமாக அனுப்பிவிடுவோமா என்று கேட்டார் அக்கா. இணைப்புக்குப் பதிலாகப் பொருள் கொடுப்பதையும் அதே விதி தடுக்கிறது. கொடுத்தால், அது விளம்பர இணைப்பு என்று அவர் தன் பக்கத்தில் குறித்தாக வேண்டும். காசு கொடுத்தே வாங்கச் சொல்லுங்கள் என்றேன். டின் 18 வெள்ளி, தபால் செலவு தனி.