மேலே வானம்தானே, சார்?

மைதான வாசலில் போலீஸ்காரர் சட்டைப்பையைத் தடவும்போது முதலில் தட்டுப்படுவது தீப்பெட்டி. “அண்ணாச்சி, இத இங்கயே போட்டுட்டு உள்ள போங்க” என்பார். அண்ணாச்சிக்கு மனசு வராது. அந்தத் தீப்பெட்டியின் விலை இரண்டு ரூபாய். பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றிருந்தது, 2021 டிசம்பரில்தான் இரண்டானது. ஆனால் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர் அதை வெறும் இரண்டு ரூபாய்ச் சாமானாக நினைத்துத் தூக்கி எறிய முடியாது. இங்கிருந்து வடக்கும் கிழக்குமாகத் திருவேங்கடம், கழுகுமலை, கோவில்பட்டி என்று எந்தச் சாலையில் போனாலும் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கும். தெற்கே இறங்கினால் கடையநல்லூர், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றும் பெண்கள். அண்ணாச்சியின் சட்டைப்பையில் இருக்கும் தீப்பெட்டி, பீடி இரண்டுமே இந்த வட்டாரத்துப் பெண்களின் கைவேலை. அதனால் மைதானத்தில் புகைக்கத் தடை என்றால் மற்ற ஊர்களைவிட இங்கே பேச்சு கொஞ்சம் நீளும்.

சங்கரன்கோவில்காரருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கிரிக்கெட் மைதானம் தாழையூத்து சங்கர் நகரில் உள்ள இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். தேவர்குளம், மானூர் வழியாக நெல்லை போய் அப்படியே மதுரை ரோட்டில் ஏறினால் வந்துவிடும். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து டி.வி.யில் மட்டுமே பார்த்த ஆட்டக்காரர்களை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. 2023 ஜூலை 12-இல் இறுதிப் போட்டியே இங்கேதான் நடந்தது. நெல்லை அணி கோவையிடம் மோசமாகத் தோற்றது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

புகைக்கு வருவோம். பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003-இல் மத்தியச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் ‘திறந்தவெளி’க்கு விலக்கு உண்டு. நம்மாள் இதைத்தான் பிடித்துக்கொள்வார். “மேலே வானம்தானே சார் இருக்கு, இது எப்படி ரூமாகும்?” சட்டம் எழுதியவர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கிறார்கள். விளையாட்டரங்கம், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் போன்ற மக்கள் கூடும் இடங்கள் திறந்தவெளிக் கணக்கில் வராது என்று விதிகளில் எழுதி வைத்துவிட்டார்கள். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகள் இவை. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை.

இந்த 200 ரூபாய்க்குப் பயந்து யாரும் பீடியை விடவில்லை. பெரிய மைதானங்களில் தடை வேலை செய்வதற்குக் காரணம் வாசல் சோதனை. நெருப்பு உள்ளே போகாவிட்டால் புகை எங்கிருந்து வரும்? அதற்கும் நம்மவர்களிடம் மாற்று உண்டு. பெட்டியின் மருந்துப் பக்கத்தை மட்டும் கிழித்து நாலு குச்சியோடு சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது பழைய வித்தை. இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் போனால் யார் யார் வித்தை பலித்தது என்று மூக்கு சொல்லிவிடும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புகைத் தடைக்கு ரசிகர்களிடம் பெரிய எதிர்ப்பே கிளம்பவில்லை. முணுமுணுப்பு இருந்தது, அவ்வளவுதான். கேலரியில் பெண்களும் பிள்ளைகளும் கூட்டமாக வர ஆரம்பித்த பிறகு, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது பற்றவைக்க அவரவர்க்கே கூச்சம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் இரவு நேரக் கபடிப் போட்டிகளில் சட்டமும் கிடையாது, வாசலும் கிடையாது. மைக்கில் விழாக் கமிட்டிக்காரர் ஸ்கோர் சொல்லும் சந்தில், “தாய்மார்கள் இருக்கிற பக்கம் பீடி சிகரெட் வேண்டாம்னு கமிட்டி சார்பா கேட்டுக்கிறோம்” என்று ஒரு வரி சேர்ப்பார். அடங்காதவரைப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். 200 ரூபாயைவிடக் கனமான அபராதம் அது.

புகைத்தடை சும்மா ஒழுக்கப் பாடம் அல்ல என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1985 மே 11, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரம். கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. பழைய மரக் கேலரி. பலகை இடுக்கு வழியாகக் கீழே பல வருஷக் குப்பை சேர்ந்து கிடந்தது. அணையாத தீக்குச்சியோ சிகரெட்டோ அதில் விழுந்திருக்க வேண்டும் என்பது விசாரணையில் தெரிந்தது. சில நிமிடங்களில் கேலரி முழுவதும் எரிந்தது. 56 பேர் செத்தார்கள். தென்னங்கீற்றும் சவுக்குக் கம்பும் கட்டிப் போட்டி நடத்திய, நடத்துகிற ஊர்க்காரர்கள் நாம். இந்தக் கதையைக் கேட்டால் சாக்ஸ் வித்தைக்காரருக்கும் கொஞ்சம் உறைக்கும்.

அப்படியானால் ரசிகருக்கு எதில்தான் கோபம்? புகைக்காதே என்று சொல்கிற அதே வாய் வேறென்ன சொல்கிறது என்று பார்க்கிறார், அதில்தான் கோபம். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் அதிகாரப்பூர்வப் பெயரே சிகரெட்டின் பெயரில் ‘வில்ஸ் உலகக் கோப்பை’. அந்த ஆண்டு மார்ச் 11-இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கால் இறுதி ஆடின. கிறிஸ் ஹாரிஸ் 130 அடித்தும் மார்க் வா சதத்தால் ஆஸ்திரேலியா ஜெயித்த ஆட்டம். தொண்ணூறுகளில் இந்திய வீரர்களின் சட்டை நெஞ்சிலும் அந்தச் சிகரெட்டின் பெயர்தான். சச்சின் அடிக்கும் ஒவ்வொரு பவுண்டரிக்கும் எட்டாம் வகுப்புப் பையன் அந்தப் பெயரைப் பார்த்தான். 2001-இல் அந்தச் சிகரெட் நிறுவனம் விளையாட்டு விளம்பரத்திலிருந்து விலகியது, 2003 சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது. சாத்திய கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் திறந்திருந்தது. இப்போது பான் மசாலாக்காரர்களின் பெயர் ஏலக்காய்ப் பாக்கெட்டில் வருகிறது, மதுக் கம்பெனியின் பெயர் சோடாவாகவும் மியூசிக் சிடியாகவும் வருகிறது. ஐ.பி.எல். 2025 தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர் ஐ.பி.எல். தலைவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த மறைமுக விளம்பரங்களையும் மைதானத்தில் நிறுத்தச் சொன்னார். பிடுங்கிய தீப்பெட்டிக்கு இருக்கும் கண்டிப்பு அந்த விளம்பரப் பலகைக்கும் இருந்தால் அண்ணாச்சி ஏன் முணுமுணுக்கப் போகிறார்?

தீப்பெட்டித் தொழிலுக்கு இந்தத் தடையால் நஷ்டமா என்று கேட்பவர்கள் உண்டு. மைதானத்தில் பற்றாத குச்சியால் எந்த ஆபீஸும் மூடவில்லை. வயிற்றில் அடித்தது பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைப் பார்க்கும் என்று முதல்வர் ஸ்டாலின் 2022 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் நிஜமான சண்டை. அமெரிக்காவில் கால்பந்து என்று அவர்கள் சொல்லும் ஆட்டத்துக்குப் போகிறவர்கள், மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, பீர் குடித்து, அரை நாள் திருவிழா நடத்துவார்கள். பஃபலோ அணி ரசிகர்கள் உற்சாகத்தில் மடக்கு மேசை மேல் பாய்ந்து அதை உடைப்பதையே வழக்கமாக்கிவிட்டார்கள். 2014-இல் நியூ ஜெர்சியில் நடந்த இறுதிப் போட்டிக்கு அடுப்பும் நாற்காலியும் கூடாது, உங்கள் காருக்கு ஒதுக்கிய இடத்துக்குள்ளேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

நமக்கு இது அந்நிய வழக்கம் போலத் தெரியும். யோசித்தால் நம் வேன் பயணம்தான். பத்துப் பதினைந்து பேர் பணம் போட்டு வேன் பேசி, புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, சங்கரன்கோவில் பிரியாணிப் பொட்டலங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஆட்டம் பாதி, சாப்பாடு பாதி. போட்டி நடப்பது ஜூன், ஜூலையில் என்பதால் திரும்பும் வழியைக் குற்றாலம் பக்கம் நீட்டச் சொல்லும் ஆளும் வேனில் இருப்பார். 2018-இல் சென்னை ஐ.பி.எல். அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, அணி நிர்வாகமே ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு ரயில் பிடித்து ரசிகர்களைக் கூட்டிப்போனதே, அதைவிடப் பெரிய கட்டுச்சோற்றுப் பயணம் தமிழ்நாட்டு கிரிக்கெட்டில் நடந்ததில்லை.

இந்தக் கட்டுச்சோறும் தண்ணீர் பாட்டிலும் வாசலில் நின்றுவிடுகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. 1996 மார்ச் 13-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியா தோற்பது உறுதியானதும் பாட்டில்கள் பறந்தன, கேலரியில் தீ வைத்தார்கள், ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்து முடிக்க வேண்டியதாயிற்று. பாட்டிலைத் தடுத்தாயிற்று. 2018 ஏப்ரலில் சேப்பாக்கத்தில், காவிரிப் போராட்ட நேரத்தில் பறந்தது செருப்பு. செருப்பை எப்படித் தடை செய்வது?

எறியக்கூடிய பாட்டிலைப் பிடுங்குவது பாதுகாப்பு. இலையில் மடித்த புளிச்சாதத்தைப் பிடுங்கினால் உள்ளே இருக்கும் கடையின் வியாபாரம். இந்த வித்தியாசம் ரசிகருக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் புகைத்தடைக்குச் சும்மா இருந்தவர் இதற்குக் கத்துகிறார். சினிமா தியேட்டர் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளிச் சாப்பாட்டைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பை ஆட்டங்களில் குடிநீர் இலவசம் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. உலகக் கோப்பைக்கு முடிந்தது லீக் ஆட்டத்துக்கு ஏன் முடியாது? சித்திரை வெயிலில் கான்கிரீட் படியில் நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது.

மது விஷயத்தில் ரசிகர்களே இரண்டு கட்சி. வேனின் கடைசி சீட்டில் டாஸ்மாக் பையோடு வருகிறவரை முன்சீட்டுக்காரருக்குப் பிடிக்காது. 2023-இல் தமிழக அரசு மதுபான விதிகளைத் திருத்தி, திருமண மண்டபத்திலும் விளையாட்டரங்கிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்றது. ஊரே கொந்தளித்தது. மண்டபங்களுக்குக் கிடையாது, ஐ.பி.எல். போன்ற சர்வதேச அளவிலான ஆட்டங்களுக்கு மட்டும்தான் என்றார் அப்போதைய அமைச்சர் செந்தில்பாலாஜி. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சர்ச்சையில் எல்லோரும் கல்யாண மண்டபத்தையே பேசினார்கள், மைதானத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அவரவர் வசதிக்குத் தகுந்த விதி என்பது உலகம் முழுக்க இருக்கிறது. இங்கிலாந்தில் 1985 சட்டப்படி கால்பந்து ஆட்டத்துக்கு வாடகைப் பேருந்தில் மது கொண்டுபோனாலே குற்றம், மைதானம் தெரியும் இடத்தில் குடிக்கவும் கூடாது. லண்டன் லார்ட்ஸில் டெஸ்ட் பார்க்கப் போகிறவர் மட்டும் ஒரு பாட்டில் ஒயினைப் பையிலேயே கொண்டு போகலாம். 2022-இல் கத்தார் உலகக் கோப்பை தொடங்க இரண்டே நாள் இருந்தபோது மைதானங்களில் பீர் விற்பனை இல்லை என்று அறிவித்தார்கள். தொடக்க ஆட்டத்தில் ஈக்வடார் ரசிகர்கள் “எங்களுக்கு பீர் வேண்டும்” என்று கோரஸாகப் பாடினார்கள். கண்ணாடி போட்ட சொகுசு அறைகளில் அன்றும் மது ஊற்றப்பட்டது.

வாசலுக்கு வெளியே கூட்டம் சேர்வதைக் கட்டுப்படுத்துவதை மட்டும் இனி யாரும் லேசாகப் பேச முடியாது. 2025 ஜூன் 4-இல் பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் ஐ.பி.எல். வெற்றி விழாவைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வழி, ஆட்கள் மைதானத்தின் கழுத்தில் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது. சேப்பாக்கத்தில் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் போகலாம் என்று சில ஆண்டுகளாகச் செய்வது நல்ல ஏற்பாடு. கார் வராது, கார் வராவிட்டால் நிறுத்துமிடச் சண்டையும் இல்லை.

தாழையூத்துக்கு மெட்ரோ கிடையாது, வேன்தான். விதி தெரிந்த வேன்காரர்கள் மானூரைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு புளியமர நிழலில் நிறுத்திவிடுகிறார்கள். பொட்டலம் பிரியும், பீடி புகையும், கடைசி சீட்டுக்காரரும் மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வருவார். மைதானத்தில் தடை செய்த அத்தனையும் பல கிலோமீட்டருக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. இலையையும் பாட்டிலையும் யார் பொறுக்குவது என்பது மானூர்க்காரர்களின் புதுக் கவலை.